பெண்கள் பந்தியில் என்ன வந்தது

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஜீனத் அக்கா உடனே சாப்பிட மாட்டார். தட்டில் சோறு விழுந்ததும், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோலப் புறங்கையை அதன்மேல் வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு ஆண்கள் பக்கத்தை மறைத்துக் கட்டியிருக்கும் பச்சைத் திரையை ஒரு தடவை பார்ப்பார். அதற்கப்புறம்தான் பிஸ்மி சொல்லி முதல் வாய். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். சோறு சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறார், அவ்வளவுதான் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்று நான் கூப்பிடுவது என் கணவர் காஜாவின் அண்ணியை. முழுப்பெயர் ஜீனத்துன்னிசா. அவர் கணவர், என் மூத்தார் ஜுல்பிகரும் என் கணவரும் சேர்ந்து கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறார்கள். பிரியாணி ஆக்கும் தேக்சா, கரண்டி, பந்திப் பாய், ஷாமியானா, பெண்கள் பக்கத்தை மறைக்கும் திரை எல்லாம் எங்களிடம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலும் ஒரு திரை தொங்குகிறது. கடையில் வெளி ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தால் நாங்கள் இந்தப் பக்கம் நின்றுதான் பேசுவோம். நான் அதுவும் பேச மாட்டேன். எட்டாவதோடு நின்றவள், நாலு பேர் முன்னால் குரல் வராது. அக்கா பத்தாவது பரீட்சை எழுதினார். பாஸா என்று அவரும் சொன்னதில்லை, இந்த வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை.

எல்லாம் ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. மடித்து வைத்த திரைகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. துவைத்தும் போகவில்லை. மூத்தார் வேறு போன் வாங்கியபோது பழையதை அக்காவிடம் கொடுத்திருந்தார். அதில் அக்கா தேடினார். முதலில் வந்ததெல்லாம் சோப்புத் தூள் விளம்பரம். அக்கா விடாமல் கீழே தள்ளிக்கொண்டே போனார். அடியில், படமும் இல்லாமல் பகட்டும் இல்லாமல் ஒரு பக்கம் இருந்தது. பண்ருட்டிப் பக்கம் நாடகக்காரர்களுக்குப் படுதா துவைத்துக் கொடுக்கிற ஒரு பெண் எழுதியது. எலுமிச்சையும் கல்லுப்பும் தேய்த்துப் பகல் முழுக்க வெயிலில் போடச் சொல்லியிருந்தது. அதோடு விடாமல், ராஜா வேஷம் கட்டுகிறவர் படுதாவில் மூக்கைத் துடைப்பதையும், அவரோடு தான் போட்ட சண்டையையும் எழுதியிருந்தார். அக்கா துணியை மறந்துவிட்டுச் சண்டையை முழுக்கப் படித்தார். பக்கத்தின் கடைசியில், "நான் படிக்கிற மற்றவர்கள்" என்று சில பேர் இருந்தார்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொருவர் வீட்டுக்குள் போனது. அங்கேயும் கடைசியில் வேறு சிலர் இருந்தார்கள்.

பிளாக் என்கிறார்கள், வலைப்பூ என்றும் சொல்கிறார்கள். அக்கா "பக்கம்" என்றுதான் சொல்வார். மத்தியான லுஹர் தொழுது சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகு, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து படிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன்.

"இன்னாக்கா படிக்கிறீங்க?"

"ரயில்வே கேட்டு மூடற ஆளு ஒருத்தரு. கேட்டுல நிக்கிறவங்க மூஞ்சிய எழுதிக்கினு இருக்காரு. பைக்குக்காரன் மூஞ்சி, பொண்ணு பாக்கப் போறவன் மூஞ்சி, சாவுக்குப் போறவன் மூஞ்சி."

"அதுல இன்னாக்கா இருக்குது?"

"ஒண்ணுமில்ல. அதான் படிக்கிறேன்."

இன்னொரு நாள் தானாகச் சிரித்தார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அம்மா, புருஷன் போன பிறகு தனியாகவே சதுரங்கம் ஆடுகிறாராம். வலது கை ஒரு கட்சி, இடது கை ஒரு கட்சி. யார் ஜெயித்தது, தோற்ற கை எப்படிக் கோபித்துக்கொண்டது என்று வாராவாரம் எழுதுகிறார். ஒரு லாரி டிரைவர் எந்த ஊரில் எந்த டீ கிளாஸ் என்பதை மட்டும் எழுதுகிறார். டீ எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் ஊர் ஊராகப் போய் "நாய்கள் ஜாக்கிரதை" பலகைகளைப் படம் பிடித்து, உள்ளே உண்மையிலேயே நாய் இருந்ததா என்று விசாரித்துப் போடுகிறார். பெரும்பாலும் இல்லையாம்.

"இவுங்கள யாரு எழுதச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல ஜெபீனா. கேக்காமயே எழுதறாங்க. பேரும் போடறாங்க பாரு." அந்தப் பெயர்களை விரலால் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் ஷாலினி கிடைத்தாள். அவள் பக்கம் எங்கள் கல்வராயன் மலையிலிருந்து வந்தது. அதுவே அக்காவுக்கு ஆச்சரியம். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூர். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். ஷாலினி படித்து முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போடப் பாறை பாறையாக ஏறியவள். எந்தப் பாறைமேல் எந்தப் பக்கம் திரும்பி நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதுதான் அவள் பக்கம் முழுக்க. ஆனைப்பாறையில் நின்றால் பேச்சு மட்டும் வரும். அதற்குப் பக்கத்துப் பாறையில் படமும் வரும், ஆனால் எறும்பு கடிக்கும். பிரசவ வலிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட எந்தப் பாறை கிட்டே என்றும் எழுதியிருந்தாள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அதை எடுக்கச் சொன்னதையும் மறைக்கவில்லை. "சிக்னல் இல்லன்னு எழுதனா ஊருக்கு அசிங்கமாம். சிக்னல் இல்லாதது அசிங்கம் இல்லியாம்." அந்தப் பதிவு அப்படி முடிந்திருந்தது. எடுக்கவும் இல்லை.

அக்கா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்த வாரமே தன் பக்கத்தைத் திறந்தார். பெயர், "திரைக்கு இந்தப் பக்கம்". எழுதியது கல்யாணச் சாப்பாடு. எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் பெண்கள் பந்திக்கு என்ன வருகிறது, எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பது. அப்போதுதான் அந்தப் புறங்கைக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. தம் உடைத்துத் திறந்த முதல் தேக்சா எப்போதும் ஆண்கள் பக்கம்தான் போகும். அதிலேயே நெஞ்செலும்பும் நல்ல கறியும் போய்விடும். அவர்கள் கை கழுவின பிறகு எங்களுக்கு அடிச்சோறு வரும். எத்தனையோ வருடமாக இதைச் சாப்பிடுகிறோம், வீட்டுக்கு வந்து பேசவும் செய்கிறோம். எழுதியவர் யாரும் இல்லை.

அக்கா வசை எழுதவில்லை. சோறு ஆறியிருந்தால் ஆறியிருந்தது என்பார். கத்தரிக்காய் பச்சடி நன்றாக இருந்தால் அதையும் சொல்வார். எந்த வீட்டுக் கல்யாணம் என்று மட்டும் எழுத மாட்டார். தன் பெயரைப் போடுவார், ஊரைப் போடுவார். ஆரம்பத்தில் படித்தது நான், படுதா துவைக்கும் பெண், ஷாலினி. "எங்க ஊர்லயும் பொம்பளைங்க கடைசிதான்க்கா. திரை கிடையாது, அதனால அவங்க சாப்புடறத பாத்துக்கினே நிப்போம்" என்று ஷாலினி கீழே எழுதியிருந்தாள்.

நோன்பு மாதம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அக்கா எழுதியதுதான் வம்பாகிவிட்டது. அது இப்படி இருந்தது:

"ஒரு கல்யாணம். மூன்று தேக்சா பிரியாணி. இரண்டு ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு என்று பேச்சு. ஆண்கள் பந்தியில் மறுபடியும் கேட்டார்கள். மூன்றாவதையும் திரைக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு வெள்ளைச் சோறும் தால்ச்சாக் குழம்பும் வந்தது. 'பொம்பளைங்கதான, நம்ம ஆளுங்கதான, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' என்று அந்தப் பக்கம் ஒருவர் சொன்னது கேட்டது. துணிதானே நடுவில். மணப்பெண்ணுக்கு என்று ஒரு தட்டு எடுத்து மூடி வைத்திருந்தது. அதையும் மாப்பிள்ளையின் கூட்டாளிகளுக்கு எடுத்துப் போனார்கள். அந்தப் பெண்ணும் வெள்ளைச் சோறுதான் சாப்பிட்டது. தால்ச்சா நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்."

அது எந்தக் கல்யாணம் என்று எனக்கு உடனே தெரிந்தது.

அதை யாரோ ஒரு பெண் வாட்ஸப்பில் போட, சங்கராபுரம், தியாகதுருகம் வரை போய்விட்டது. புதன்கிழமை காலையில் ரபீக் கடைக்கு வந்தார். சங்கராபுரத்தில் நெல் மண்டி வைத்திருப்பவர். அவர் எங்கே எடுக்கிறாரோ அங்கேதான் மற்ற மண்டிக்காரர்களும் பாத்திரம் எடுப்பார்கள்.

"பாய், உங்க வூட்ல என் பொண்ணு கல்யாணத்த போன்ல போட்டு நாறடிச்சிக்கீறாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி வருவேன். அதுக்குள்ள எடுத்துடணும். இல்லன்னா என் பையன் கல்யாணத்துக்கு உங்க தேக்சா வேணாம். மண்டியிலயும் சொல்லிடுவேன்."

நோன்பு முடிந்து பெருநாள் வருகிற மாதம்தான் எங்களுக்குக் கல்யாணம் வரிசையாக வருகிற மாதம். வருடம் முழுக்கச் சோறு போடுவது அது. மூத்தார் கோபக்காரர் இல்லை. பயந்த மனிதர். அன்று மத்தியானம் சாப்பிடவே உட்காரவில்லை.

"எடுத்துடு ஜீனத்து."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? சங்கராபுரம் மொத்தமும் போயிடும். அப்புறம் தேக்சாவ கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துக்கினு இருக்க வேண்டியதுதான்."

"பொய்யா எழுதியிருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"பொய்யின்னு யாரு சொன்னா? ஏன் எழுதுனன்னுதான் கேக்கறேன்."

"குழம்புல உப்பு கம்மின்னா தட்டுல உக்காந்துக்கினே தெருவுக்குக் கேக்கற மாதிரி சொல்றீங்க. நான் சத்தம்கூட போடல. எழுதனேன்."

வியாழக்கிழமை தியாகதுருகத்திலிருந்து ஒரு செருப்புக் கடைக்காரர் போன் செய்தார். போன மாதம் தம்பிக்குக் கல்யாணம் செய்தவர். எங்கள் கல்யாணத்தை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். சாயங்காலம் ரிஷிவந்தியம் போகிற வழியில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர் ஆள் அனுப்பினார். அவருக்கும் அதே சந்தேகம். மூத்தார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா அன்று ஷாலினிக்கு எழுதினார், எடுக்கச் சொல்கிறார்கள் என்று. பதில் வர நேரமானது. பாறை ஏற வேண்டுமே. "எடுக்காதீங்கக்கா. உங்க பக்கம் மொத்தத்தையும் எறக்கி வச்சிக்கினேன். நீங்க எடுத்தாலும் என்கிட்ட இருக்கும். எறும்புதான் கடிச்சிடுச்சி."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ரபீக் வந்தார். உட்காருவதற்குள் சிமெண்ட் கடைக்காரரும் வந்துவிட்டார். செருப்புக் கடைக்காரர் பின்னாலேயே பைக்கில் வந்தார். ஒருத்தருக்கொருத்தர் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியாது. நாங்கள் திரைக்குப் பின்னால் நின்றோம். என் கணவர் வாசலில் வண்டியில் பாய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் என் கல்யாண விஷயமா வந்தேன்" என்றார் சிமெண்ட் கடைக்காரர்.

"உன் கல்யாணமா? அது எங்க வூட்டுதுப்பா" என்றார் ரபீக்.

"மூணு தேக்சான்னு போட்டுக்கீதே. உங்களுது ஆறு. மூணு தேக்சா வச்சது நாங்க."

"நானும் மூணுதான் வச்சேன்" என்றார் செருப்புக் கடைக்காரர். "ஆனா பொண்ணு தட்ட எடுத்தாங்கன்னு எழுதிக்கீது பாருங்க, அது சுத்தப் பொய்."

"மத்ததெல்லாம்ணே?" என்று திரைக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

அக்கா திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார், போன் கையில் இருந்தது. ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும்போது அவர் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரபீக்கண்ணே, உங்க வூட்டு கல்யாணம்னு நான் எங்கியும் எழுதல. யாரு சொன்னா உங்களுக்கு?"

"ஹப்சாதான் படிச்சிட்டு சொல்லுச்சி, இது நம்ம வூட்டுதுன்னு." ஹப்சா என்பது அவர் மனைவி.

"அப்ப அன்னிக்கு ஹப்சா வெள்ளைச் சோறுதான் சாப்ட்டுது. பொண்ணப் பெத்தவ. ஆறு தேக்சா வச்ச கல்யாணத்துல. நீங்க கேட்டீங்களா?"

சிமெண்ட் கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"ஜீனத்து, உள்ள போ" என்றார் மூத்தார்.

"போறேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இது மூணு பேரு கல்யாணமும் இல்ல. இந்த வூட்டு கல்யாணம். காஜாவோடது. தேக்சாவும் நம்மளுது, கரண்டியும் நம்மளுது. அன்னிக்கு கரண்டியோட நின்னது நீங்க. நம்ம ஆளுங்கதான, ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னதும் நீங்கதான்."

மூத்தார் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். அவருக்கு நினைவில்லை. "யாரும் எங்கிட்ட சொல்லலியே" என்றார்.

"இப்ப சொல்றேன்ல."

வண்டியில் பாயைப் போட்டுவிட்டு என் கணவர் வாசலுக்கு வந்தார். திரை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நீ பிரியாணி சாப்டலியா?"

"வெள்ளைச் சோறு" என்றேன். "தால்ச்சா நல்லா இருந்திச்சி."

அத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான். செருப்புக் கடைக்காரர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்.

ரபீக் எழுந்தார். அவர் முகம் இறுகிப் போயிருந்தது. "யாரு வூட்டுதா இருந்தா இன்னா. ஊரு பூரா எங்க வூட்டுதுன்னுதான் பேசிக்கினு இருக்கு. எடுக்கறீங்களா, இல்லியா?"

"எடுக்க மாட்டேண்ணே. யாரு வூட்டுதுன்னு கேக்கறாங்கள்ல, அத வேணா போடறேன்."

நின்ற இடத்திலேயே போனில் தட்டினார். அக்கா மெதுவாகத்தான் தட்டுவார், ஒரே விரல். ஐந்து ஆம்பளைகளும் காத்துக்கொண்டு நின்றார்கள். பதிவின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: "இது எங்கள் வீட்டுக் கல்யாணம்." எழுதியதை மூத்தாரிடம் நீட்டினார். அவர் கண்ணாடி இல்லாமல் கையை நீட்டி வைத்துப் படித்தார். படித்துவிட்டு, எடு என்று சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ரபீக் மகன் கல்யாணத்துக்குத் திருக்கோவிலூரிலிருந்து பாத்திரம் வந்தது. மண்டிக்காரர்களில் பாதிப் பேர் இப்போது எங்களிடம் எடுப்பதில்லை. மூத்தார் ஒரு மாதம் அக்காவிடம் சரியாகப் பேசவில்லை. அக்காவும் போய்ப் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்குப் போட்டார், சூடாக. சிமெண்ட் கடைக்காரர் மகளுக்கு நிச்சயம் ஆனபோது எங்களிடம்தான் வந்தார். பாத்திரம் எடுக்க வருகிறவர்களிடம் மூத்தார் இப்போது, "பொம்பளைங்க பக்கத்துக்குத் தனியா ஒரு தேக்சா சேத்து எடுத்துக்குங்க, இல்லன்னா என் வூட்ல எழுதிடுவாங்க" என்கிறார். அது நியாயத்துக்காகவா வாடகைக்காகவா என்று நான் கேட்டதில்லை. சிலர் சிரித்துக்கொண்டே எடுக்கிறார்கள். சிலர் எடுக்காமல் போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தியாகதுருகத்தில் ஒரு கல்யாணம். தட்டில் சோறு விழுந்ததும் அக்கா புறங்கையை வைத்தார். பந்தியில் இருந்த மற்றப் பெண்களும் சாப்பிடாமல் அவர் கையையே பார்த்தார்கள். சோறு ஆறித்தான் இருந்தது. திங்கட்கிழமை எழுதிவிட்டார்.

படுதா துவைக்கும் பெண்ணும் ஷாலினியும் தங்கள் பக்கத்தின் கடைசியில் அக்கா பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் கல்யாணப் பதிவு அப்படியே இருக்கிறது. அடியில் அந்த ஒரு வரியும், ஜீனத்துன்னிசா, கள்ளக்குறிச்சி என்ற பெயரும் இருக்கின்றன.